'சியர்ஸ்' சொன்னா குடிச்சே ஆகணுமா? ஒரு சொல்லும் அதன் சொந்தபந்தங்களும்

மதியம் மூன்று மணி. லண்டன் கிளையன்ட்டிடம் இருந்து மெயில் வருகிறது. அங்கே அப்போதுதான் காலை வேலை தொடங்கியிருக்கும். நாம் அனுப்பிய ரிப்போர்ட் கிடைத்துவிட்டது என்று இரண்டு வரி. கடைசியில் 'சியர்ஸ்' என்று போட்டுப் பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குக் குழப்பம்: "காலங்காத்தால என்ன சியர்ஸ்?"

அதே வாரம் வெள்ளிக்கிழமை டீம் டின்னர். மேனேஜர் கிளாஸைத் தூக்கி 'சியர்ஸ்' என்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஒருபடி மேலே போய் 'பாட்டம்ஸ் அப்!' என்கிறார். குடிப்பழக்கம் இல்லாத ஒருவர், கிளாஸைத் தூக்கலாமா, தூக்கினால் குடித்தாக வேண்டுமா என்று தெரியாமல் முழிக்கிறார்.

இரண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒன்றுதான். மது மேஜையில் கேட்டுப் பழகியதால், அது மதுவுக்கே சொந்தமான சொல் என்று நினைத்துவிட்டோம். உண்மையில் அந்தச் சொல் பிறந்தபோது அதில் ஒரு சொட்டு மதுகூட இல்லை.

முகத்தில் தொடங்கிய சொல்

'சியர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் பொருள் 'முகம்'. பிற்கால லத்தீனில் 'காரா' என்றால் முகம். ஸ்பானிய மொழியில் இன்றும் அப்படித்தான். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து 'சியர்' ஆனது. முகத்தைப் பார்த்தால் மனசு தெரியும் அல்லவா? அதனால் 'முகம்' என்ற பொருள் மெல்ல 'மனநிலை' என்று மாறியது. நல்ல சியர், கெட்ட சியர் இரண்டுமே அப்போது உண்டு. நாளடைவில் கெட்டது உதிர்ந்துபோய், உற்சாகம், மகிழ்ச்சி என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது.

'எப்படி இருக்கீங்க?' என்பதற்குப் பழைய ஆங்கிலேயர்கள் 'வாட் சியர்?' என்று கேட்டார்கள். லண்டன் பேச்சு வழக்கில் இன்றும் கேட்கும் 'வாட்சா' என்ற வணக்கச் சொல் அதன் தேய்ந்த வடிவம்தான். சோர்ந்திருப்பவரைத் தேற்றும் 'சியர் அப்', மைதானத்தில் ஆடும் 'சியர் லீடர்', பள்ளி விழாவில் நாம் கத்திய 'த்ரீ சியர்ஸ், ஹிப் ஹிப் ஹுர்ரே' எல்லாம் ஒரே குடும்பம்.

கிளாஸைத் தூக்கிச் சொல்லும் 'சியர்ஸ்' இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. ஆங்கில அகராதியாளர்கள் அந்தப் பொருளுக்குக் காட்டும் பழைய பதிவே 1919-ஐ ஒட்டியதுதான். ஆயிரம் வருஷ மரபு என்று நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. சுமார் நூறு வருஷம்.

மெயிலில் வரும் 'சியர்ஸ்' வேறு

பிரிட்டனில் 'சியர்ஸ்' என்றால் பெரும்பாலும் 'தேங்க்ஸ்' என்றே பொருள். இந்த வழக்கு 1970-களில் பரவியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு சியர்ஸ். மீதிச் சில்லறை கொடுத்த கடைக்காரருக்கு சியர்ஸ். பிரிஸ்டல் நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரைப் பார்த்து 'சியர்ஸ், டிரைவ்' என்று சொல்வது ஊர் வழக்கம். அந்த ஊர்க்காரர்களை அடையாளம் காட்டும் வாசகமாகவே அது ஆகிவிட்டது. போனை வைக்கும்போது 'சரி, வரட்டுமா' என்ற பொருளிலும் வரும்.

ஆக, மெயிலின் கடைசியில் வரும் 'சியர்ஸ்', 'நன்றி, பார்ப்போம்' என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு லேசான விடைபெறல். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது சர்வ சாதாரணம். அமெரிக்காவில் அவ்வளவு புழக்கம் இல்லை; அங்கே சிலருக்கு இது 'இங்கிலீஷ்காரன் மாதிரி பேசிக் காட்டுறான்' என்று படலாம்.

நாமும் போடலாமா? எதிரில் இருப்பவர் முதலில் போட்டிருந்தால், தாராளமாகப் போடலாம். முதல் மெயில், வேலைக்கான விண்ணப்பம், சம்பளம் பற்றிய பேச்சு, புகார்க் கடிதம் இவற்றில் வேண்டாம். இரங்கல் மெயிலில் கூடவே கூடாது. இன்னொன்று: கடைசியில் வரும் 'ஸ்' முக்கியம். வெறும் 'சியர்' என்று முடித்தால் நன்றியும் ஆகாது, விடைபெறலும் ஆகாது.

டோஸ்ட்: கோப்பையில் விழுந்த ரொட்டித் துண்டு

கிளாஸைத் தூக்கி ஒருவரை வாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் 'டோஸ்ட்' என்று பெயர். காலையில் வெண்ணெய் தடவிச் சாப்பிடும் அதே டோஸ்ட்தான். பெயர் ஒற்றுமை தற்செயல் இல்லை.

பழைய இங்கிலாந்தில், மசாலா தூவிச் சுட்ட ரொட்டித் துண்டை ஒயினிலோ ஏல் எனும் பீரிலோ போட்டுக் குடிக்கும் வழக்கம் இருந்தது. பானத்துக்கு ருசி ஏற்ற. பிறகு, விருந்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் குடிப்பது ஆண்களின் பழக்கமானது. ரொட்டி பானத்துக்கு ருசி சேர்க்கிற மாதிரி அவள் பெயரும் ருசி சேர்க்கிறதாம். அப்படிப் பெயர் சொல்லப்பட்ட பெண்ணே 'டோஸ்ட்' எனப்பட்டாள். ஊரே கொண்டாடும் ஒருவரை 'டோஸ்ட் ஆஃப் தி டவுன்' என்று சொல்வது அங்கிருந்து வந்ததே. வாழ்த்துக்கும் அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஒரு கதையும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டீல் நடத்திய 'டாட்லர்' இதழ் 1709-ல் அதை எழுதியது. இரண்டாம் சார்லஸ் காலம். பாத் நகரத்தின் பொதுக் குளியல் குளத்தில் ஒரு அழகி நின்றிருந்தாள். ரசிகர் ஒருவர் அந்தக் குளத்துத் தண்ணீரையே ஒரு கிளாஸ் மொண்டு, அவள் நலத்துக்காகக் குடித்தார். பக்கத்தில் அரை போதையில் இருந்த இன்னொருவர், 'இந்தத் தண்ணி எனக்குப் பிடிக்கலை, ஆனா உள்ளே ஊறுற ரொட்டித் துண்டை விடமாட்டேன்' என்று குளத்தில் குதிக்கப் பார்த்தாராம். நடந்ததோ இல்லையோ, கோப்பைக்குள் ரொட்டி கிடப்பது அன்றைய வாசகருக்கு எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இந்த ஜோக்கே சாட்சி.

சென்னையிலும் கோவையிலும் பலர் மேடைப் பேச்சு பழகப் போகும் 'டோஸ்ட்மாஸ்டர்ஸ்' கிளப்பின் பெயரும் இதிலிருந்துதான். விருந்தில் யார் எப்போது வாழ்த்துரை சொல்வது என்று அறிவித்து நடத்துபவர் டோஸ்ட்மாஸ்டர். ரால்ஃப் ஸ்மெட்லி 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் பேச்சுப் பயிற்சிக் குழுவைத் தொடங்கியபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அங்கே குடிக்கக் கிடைப்பது பெரும்பாலும் காபிதான்.

ஒரு எச்சரிக்கை. 'ஐ ஆம் டோஸ்ட்' என்று யாராவது சொன்னால் அது வாழ்த்து இல்லை. 'நான் காலி' என்று அர்த்தம். 1984-ல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தில் பில் முர்ரே பேசிய வசனம் இந்தப் பிரயோகத்தைப் பிரபலமாக்கியது.

பாட்டம்ஸ் அப், பம்பர், ஹீல்டாப்

'பாட்டம்ஸ் அப்' என்றால் கிளாஸின் அடிப்பாகம் மேலே பார்க்க வேண்டும், அதாவது ஒரே மடக்கில் காலி பண்ணு என்று பொருள். 'பாட்டம்' என்பதற்குப் பின்பக்கம் என்ற பொருளும் உண்டு என்பதால் கொஞ்சம் கிண்டலும் கலந்த சொல். நெருங்கிய நண்பர்கள் வட்டத்துக்குச் சரி. கிளையன்ட் டின்னரில் வேண்டாம்.

'டவுன் தி ஹேட்ச்' என்பதற்கும் அதே பொருள்தான். ஹேட்ச் என்பது கப்பலின் மேல்தளத்தில் சரக்கை உள்ளே இறக்கும் திறப்பு. வாயைத் திறப்பாகவும், வயிற்றைச் சரக்கு அறையாகவும் பார்த்த மாலுமிக் கிண்டல் இது.

விளிம்பு வரை நிரப்பிய கிளாஸுக்கு 17-ம் நூற்றாண்டிலிருந்தே 'பம்பர்' என்று பெயர். நிறைந்து தளும்புவது என்ற பொருள் பிறகு விளைச்சலுக்குப் போனது, அப்புறம் பரிசுக்குப் போனது. கேரளத்தில் ஓணம் பம்பர் லாட்டரி என்று சொல்கிறோமே, அந்தப் பம்பர் ஒருகாலத்தில் தளும்பும் மதுக் கோப்பை. கிளாஸின் அடியில் மிச்சம் வைக்கும் கொஞ்சத்துக்கு 'ஹீல்டாப்' என்று பெயர். செருப்பின் குதிகாலில் அடுக்கும் தோல் துண்டின் பெயர் அது. 'நோ ஹீல்டாப்ஸ்!' என்று பழைய விருந்துகளில் கத்தினால், ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே என்று அர்த்தம்.

'சின் சின்' என்றும் சிலர் சொல்வார்கள். தாடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சீன மொழியில் 'சிங் சிங்' என்றால் 'தயவுசெய்து, வாங்க' என்ற உபசாரம். சீனத் துறைமுகங்களுக்குப் போய்வந்த கப்பல்காரர்களும் வணிகர்களும் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலியிலும் இது பிரபலம். ஆனால் ஜப்பானியர் இருக்கும் மேஜையில் சொல்லிவிடாதீர்கள். அங்கே குழந்தைகள் ஆணுறுப்பைக் குறிக்கச் சொல்லும் சொல் அது.

உலகம் வாழ்த்துவது எதை?

மற்ற மொழிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பிரெஞ்சில் 'சான்தே', ஸ்பானியத்தில் 'சலூத்', ஐரிஷில் 'ஸ்லாஞ்ச': மூன்றுக்கும் பொருள் 'ஆரோக்கியம்'. ஹீப்ருவில் 'ல ஹயிம்' என்றால் 'வாழ்வுக்காக'. ஜெர்மனியின் 'ப்ரோஸ்ட்', 'நன்மை தரட்டும்' என்ற லத்தீன் வாழ்த்தின் சுருக்கம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் சொல்லும் 'ஸ்கோல்' கிண்ணத்தைக் குறிக்கும் சொல். எதிரியின் மண்டையோட்டில் குடித்ததால் வந்த பெயர் என்பது கட்டுக்கதை. ஜப்பானின் 'கன்பாய்', சீனாவின் 'கான்பெய்' இரண்டுக்கும் 'காய்ந்த கோப்பை' என்று பொருள், அதாவது அவர்களுடைய பாட்டம்ஸ் அப்.

ஆங்கிலத்திலும் 'சியர்ஸ்' வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு இருந்தது 'வாசெய்ல்' என்ற வாழ்த்து. 'நலமாக இரு' என்று பொருள். பதிலுக்கு 'டிரிங்க்ஹெய்ல்' என்பார்கள். 'ஹெல்த்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். தென்மேற்கு இங்கிலாந்தில் இன்றும் ஜனவரியில் ஆப்பிள் தோட்டங்களில் வாசெய்ல் விழா உண்டு. மரம் நன்றாகக் காய்க்கட்டும் என்று பாடி, ஆப்பிள் மதுவில் தோய்த்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைப்பார்கள்.

கிளாஸோடு கிளாஸ் இடிப்பது, விஷம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வந்த பழக்கம் என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இடிப்பது எல்லா ஊரிலும் மரியாதையும் அல்ல. 1849-ல் ஹங்கேரியத் தளபதிகள் 13 பேரை ஆஸ்திரியர்கள் கொன்றுவிட்டு பீர் கிளாஸ்களை இடித்துக் கொண்டாடினார்கள் என்பது ஹங்கேரியில் வழங்கும் கதை. அதனால் அங்கே பீர் கிளாஸை இடிக்காத பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஜெர்மனியில் இடிக்கலாம், ஆனால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

மாற்ற முடியாத சம்பிரதாயமா?

பிரிட்டிஷ் கடற்படையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டோஸ்ட் உண்டு. சனிக்கிழமை வாழ்த்து 'மனைவியருக்கும் காதலியருக்கும்' என்று இருந்தது. 'இரண்டு பேரும் ஒருநாளும் சந்திக்காமல் இருக்கட்டும்' என்று யாராவது பின்பாட்டு பாடுவார்கள். கப்பல்களில் பெண்களும் வேலை பார்க்கும் காலத்தில் இது பொருந்தாது என்று 2013-ல் அதை 'நம் குடும்பங்களுக்கு' என்று மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை வாழ்த்தும் 'நம் ஆண்களுக்கு' என்பதிலிருந்து 'நம் மாலுமிகளுக்கு' என்று ஆனது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன கடற்படையே மாற்றிக்கொள்ளும்போது, ஆபீஸ் பார்ட்டி மாற்றிக்கொள்ள முடியாதா?

'எனக்காக ஒரு ரவுண்டு' என்ற கட்டாயம்

இப்போது அந்த முக்கியமான கேள்வி. மற்றவர்கள் வாழ்த்தும்போது குடிக்காமல் இருப்பது அவமரியாதையா?

இந்தத் தகராறு இங்கிலாந்திலேயே 400 வருஷப் பழசு. 17-ம் நூற்றாண்டில், அரசர் நலத்துக்காகக் குடிக்க மறுத்தால் ராஜவிசுவாசம் இல்லாதவர் என்று சந்தேகப்பட்டார்கள். வில்லியம் பிரின் என்ற வழக்கறிஞர், பிறர் நலத்தைச் சொல்லிக் குடிப்பதும் குடிக்கக் கட்டாயப்படுத்துவதும் பாவம் என்று 1628-ல் ஒரு புத்தகமே எழுதினார். பிறர் ஆரோக்கியத்தைச் சொல்லிக் குடித்து நாம் நோயாளி ஆகிறோம் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும் குத்தல்.

பிரின் கண்டிப்பான மதப்பற்றாளர், அப்படித்தான் சொல்வார் என்று தோன்றலாம். உல்லாசத்துக்குப் பேர்போன அரசர் இரண்டாம் சார்லஸ் என்ன செய்தார் தெரியுமா? 1660-ல் நாடு திரும்பி அரியணை ஏறிய கையோடு ஒரு பிரகடனம் வெளியிட்டார். மதுக்கடைகளில் உட்கார்ந்து என் நலத்துக்காகக் குடிப்பதுதான் விசுவாசம் என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை என்பது அதன் சாரம். யாருக்காகக் குடித்தார்களோ அவரே 'எனக்காகக் குடிக்காதீங்க' என்று சொல்லியிருக்கிறார்.

'ப்ளெட்ஜ்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரசியம். ஒருவர் வாழ்த்திக் குடித்ததும், பதிலுக்கு நாம் குடிப்பதை ஒருகாலத்தில் 'ப்ளெட்ஜ்' என்றார்கள். 1832-ல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் ஜோசப் லிவ்சி உட்பட ஏழு பேர், எந்த மதுவையும் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த உறுதிமொழிக்கும் 'ப்ளெட்ஜ்' என்றே பெயர். குடிப்பதைக் குறித்த சொல்லே குடியை விடுவதையும் குறித்தது.

அடுத்த வருஷம், அதே ஊர்க் கூட்டத்தில் ரிச்சர்ட் டர்னர் என்ற தொழிலாளி பேசும்போது பிறந்தது 'டீடோட்டல்' என்ற சொல். 'டீடோட்டலர்' என்றால் 'டீ மட்டும் குடிப்பவர்' என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'டோட்டல்' என்பதை அழுத்திச் சொல்ல, அதன் முதல் எழுத்தான 'டீ'யை முன்னால் ஒருமுறை கூடுதலாகச் சேர்த்தார்கள். முற்ற முழுக்க விட்டவர் என்று பொருள்.

ஒரே மடக்கு ஏன் ஆபத்து?

குடிப்பவர்களுக்கும் 'பாட்டம்ஸ் அப்' நல்ல யோசனை அல்ல. பிரிட்டனில் மதுவை 'யூனிட்' கணக்கில் அளப்பார்கள். ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். அதைச் சிதைக்கப் பெரியவர் ஒருவரின் உடலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மடக்கு மடக்காக உள்ளே தள்ளினால் கல்லீரல் அதற்கேற்ப வேகம் எடுக்காது. ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். போதை தெரியும் முன்பே அடுத்த கிளாஸ் உள்ளே போயிருக்கும். பிறகு பைக் சாவியை எடுப்பார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

'கொஞ்சமா குடிச்சா நல்லது' என்பதற்கும் இன்று ஆதரவு இல்லை. மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. ஆரோக்கியத்தை வாழ்த்தும் கையில் இருப்பது எது என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

சரி, கிளாஸைத் தூக்கும்போது என்ன செய்வது?

* கையில் ஜூஸோ சோடாவோ இருந்தால் போதும். மற்றவர்களோடு சேர்ந்து தூக்குங்கள், 'சியர்ஸ்' சொல்லுங்கள், ஒரு வாய் குடியுங்கள். கலந்துகொள்வதுதான் மரியாதை. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் சொந்த விஷயம்.

* வெறும் தண்ணீர்? பெரும்பாலான இடங்களில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தண்ணீரில் வாழ்த்தினால் கடலில் மூழ்கிச் சாவு என்ற பழைய நம்பிக்கை கடற்படையினரிடம் உண்டு. மேஜையில் அப்படி யாராவது இருந்தால் ஜூஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

* வாழ்த்து உங்களுக்கு என்றால், உதாரணமாக புரமோஷன், கல்யாணம், நீங்கள் கிளாஸைத் தூக்கவோ குடிக்கவோ கூடாது. நமக்கு நாமே கைதட்டிக்கொள்வது மாதிரி ஆகிவிடும். சிரித்தபடி உட்கார்ந்திருந்து, கடைசியில் நன்றி சொன்னால் போதும்.

* வாழ்த்தச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். யார், எதற்காக, 'சியர்ஸ்'. அவ்வளவுதான். கிளாஸைத் தூக்கிப் பிடித்தவர்களின் கை வலிக்கும்.

* யாராவது வற்புறுத்தினால் காரணம் சொல்லத் தேவையில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம், வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். 'நோ தேங்க்ஸ், ஐ ஆம் குட்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். இரண்டாம் முறையும் அதே வாக்கியம், அதே சிரிப்பு.

* நீங்கள் டீம் லீடர் என்றால், ஆர்டர் கொடுக்கும்போதே மது இல்லாத பானத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "நீ ஏன் குடிக்கலை?" என்று யாரையும் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்தக் கேள்வி, பாஸ் போடும் உத்தரவு மாதிரியே கேட்கும்.